பொன்னும் பீங்கானும்

சிதைந்த பல்லுக்கு உறையிடுவோர் நெடுங்காலம் ஓர் இடர்ப்பாட்டில் உழன்றனர். பொன் உறுதியானது, ஆனால், பல்லின் நிறமன்று. பீங்கான் நிறமொத்தது, ஆனால், கடித்தால் வெடிப்பது. பொன்மேற் பீங்கானைச் சுட்டாலோ, ஆறும்பொழுது உலோகம் மிகுதியாகச் சுருங்க, பீங்கான் பிளந்தது.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வைன்ஸ்டீன் முதலியோர் பெற்ற காப்புரிமை இதற்கு வழிகாட்டிற்று. லியூசைட்டு என்னும் படிகம் செறிந்த பீங்கானின் சுருக்கம் உலோகத்தின் சுருக்கத்தை ஏறக்குறைய ஒத்தது. உலோகம் சிறிதளவே மிகுதியாகச் சுருங்குவதால், பீங்கான் அமுக்கமுறுகிறது. இழுவிசைக்கு உடையும் பீங்கான், அமுக்கத்தை நன்கு தாங்கும். பொன்னிற் சிறிது கலந்த வெள்ளீயம் போன்றவை சூட்டில் ஒட்சைட்டுப் படலமாகி இரண்டையும் பிணைக்கின்றன. ஒளிபுகாத முதற்பூச்சு உலோகத்தின் நிறத்தை மறைக்கிறது.

ஆகவே, உலோகத்துக்கேற்ற பீங்கானைத் தெரிந்தெடுத்தலே இத்தொழிலின் உயிர்நாடி. பொருத்தம் பிழைத்தால், எத்துணை அழகிய உறையும் வெடித்து உதிரும்.