கொரியாக் களிம்பும் நமது முகமும்

(பண்ணைக்காட்டில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று இக்கூட்டத்திற்கு நம்மை அழைத்த தோழர்கள், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். காப்பிக்கொட்டை விலையைப் பற்றியோ மலைவாழை நோயைப் பற்றியோ பேசினால் உங்களுக்கு உடனே உபயோகமாயிருக்கும். ஆனால் நாம் பேசப் போவது முகத்தில் பூசும் களிம்பைப் பற்றி. சிரிக்க வேண்டாம். கூலி வேலை செய்யும் வீடு முதல் தோட்டக்காரர் வீடு வரை அந்தப் புட்டி வந்துவிட்டது. அதுவும் கொரியா தேசத்துப் புட்டியாய் வந்திருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் கண்ணாடி போல் மின்னும் முகத்தோடு யாராவது ஒருவர், "இதைப் பூசுங்கள்" என்கிறார். வீட்டுப் பெண்பிள்ளைகள் பூசுகிறார்கள். ஆண்பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு பூசுகிறார்கள்.

ஒரு பொருளைப் பரீட்சிக்காமல் நல்லது என்பதும் மூடத்தனம், பரீட்சிக்காமல் கெட்டது என்பதும் மூடத்தனம். ஆகையால் நாமே இரண்டு புட்டிகளை வாங்கினோம். இரண்டும் சேர்ந்து தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் நாலு நாள் கூலிக்குக் குறையவில்லை. ஒன்று நத்தையின் உடம்பில் ஊறும் கொழகொழத்த நீர். மற்றொன்று வல்லாரைக் களிம்பு. ஆம் தோழர்களே, நம் வாய்க்கால் ஓரத்தில் முளைக்கும் அதே வல்லாரைதான் "சிகா" என்று பெயர் மாற்றிக்கொண்டு, கடல் தாண்டிப் போய்க் காசோடு திரும்பி வந்திருக்கிறது. இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள்" என்று மீசையை முறுக்க வேண்டாம். முன்னோர் பூசினார்கள் என்பதும் ருஜுவல்ல, கொரியாக்காரன் பூசுகிறான் என்பதும் ருஜுவல்ல. பூசின இடத்தில் என்ன ஆயிற்று என்பதுதான் ருஜு.

நத்தை நீர் என்றதும் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். பஞ்சகவ்யம் குடித்தால் தீட்டுப் போகும் என்று நம்பிக் குடிக்கிறவர்களுக்கு நத்தையைக் கண்டு சுளிக்க என்ன உரிமையிருக்கிறது?

நிற்க. ஒரு மாதம் இரவுதோறும் இடது கன்னத்தில் மட்டும் இரண்டையும் பூசினோம். வலது கன்னத்திற்கு வெறும் தண்ணீர்தான். முப்பதாம் நாள், எந்தக் கன்னத்தில் பூசினோம் என்பது தெரியாத ஏழு பேரைப் பார்க்கச் சொன்னோம். இரண்டு பேர் இடது அழகு என்றார்கள். மூன்று பேர் வலது என்றார்கள். மற்ற இருவர் இரண்டும் ஒரே கிழம்தான் என்றார்கள். ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. மார்கழிப் பனியில் வலது கன்னம் வெடித்தது, இடது வெடிக்கவில்லை. பிறகு வலதிலும் ஒரு வாரம் தேங்காயெண்ணெய் தடவினோம், அதுவும் சரியாயிற்று. ஒருவர் முகத்தில் ஒரு மாதம் பார்த்தது முடிந்த முடிவாகாது. என்றாலும் தோலின் ஈரம் காய்ந்து போகாமல் காப்பதற்கு நாலு நாள் கூலி அவசியமில்லை என்பது நமக்கு விளங்கிற்று.

இந்தப் பூச்சுக்குப் பத்துப் படி இருக்கிறதாம். முதலில் எண்ணெயால் கழுவ வேண்டும். பிறகு நுரையால் கழுவ வேண்டும். பிறகு ஒரு தண்ணீர், ஒரு சாரம், ஒரு துணி, ஒரு களிம்பு என்று காலையும் மாலையும் வரிசை தப்பாமல் செய்ய வேண்டும். பலன் இல்லையே என்று கேட்டால், "நீ ஒரு படியை விட்டுவிட்டாய்" என்பார்கள். இந்தப் பதிலை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? பரிகாரம் பலிக்கவில்லை என்றால் புரோகிதர் சொல்லும் பதிலல்லவா இது!

அப்படியானால் கொரியாச் சரக்கு முழுவதும் பித்தலாட்டமா? இல்லை. அந்த நாட்டில் நிறம் குறைக்கும் பூச்சு, சுருக்கம் போக்கும் பூச்சு, வெயில் தடுக்கும் பூச்சு ஆகியவற்றைத் தனி வகுப்பாக வைத்து, சர்க்கார் இலாகா பார்வையிடுகிறது. நிறம் குறைக்கும் சரக்கில் முக்கியமானது நியாசினமைடு. அது பி3 வைட்டமின்தான். அதை 2 முதல் 5 சதம் வரை சேர்க்கலாம் என்பது அவர்கள் விதி. அதனால் கரும்புள்ளிகள் சிறிது மங்கலாம். கறுத்தவர் வெளுத்தவராக மாட்டார். வெயில் தடுப்புப் பூச்சு உண்மையாகவே வேலை செய்கிறது.

நிறம் என்பது என்ன? தோலுக்குள் நிறச் சத்தை உண்டாக்கும் உயிரணுக்கள் வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். நம்முடையவை அதிகமாக வேலை செய்கின்றன, அவ்வளவே. ஏன் செய்கின்றன? கொரியாவின் தலைநகரான சியோல் பூமத்திய ரேகைக்கு வடக்கே 37 பாகைக்கு மேல் இருக்கிறது. நம் பண்ணைக்காடு 10 பாகையிலேயே இருக்கிறது. அதோடு மலை ஏற ஏற, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சூரியனின் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 சதம் கூடுகிறது. அந்தக் கதிர் உள்ளே புகுந்து தோலைக் கெடுக்காமல் தடுக்கும் குடைதான் நமது கறுப்பு. காசு கொடுத்து வெயில் தடுப்புப் பூச்சு வாங்கும் நாம், பிறவியிலேயே உள்ள குடையைக் காசு கொடுத்துக் கிழிக்கிறோம்.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நமது தங்கை மகள் படித்தவள், பள்ளிக்கூட உபாத்தியாயினி. அவளைப் பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள்; பலகாரம் சாப்பிட்டார்கள்; "பெண் கொஞ்சம் நிறம் மட்டு" என்று சொல்லியனுப்பினார்கள். அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு சிறு டப்பி வாங்கினாள். அதன்மேல் கொரியா எழுத்துப் போல ஏதோ இருந்தது; செய்தவன் பெயரில்லை, விலாசமில்லை. பத்து நாளில் முகம் வெளுத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஊர் ஊராய்ப் போய்ச் சுயமரியாதை பேசுகிற நாமும், "பரவாயில்லையே, களையாயிருக்கிறாயே" என்று சொன்னோம். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் இன்னும் இரண்டு டப்பி வாங்கினாள்.

இரண்டு மாதத்தில் முகம் சிவந்து பரு கிளம்பிற்று. கன்னத்தில் மயிர் முளைத்தது. அடுப்பின் முன் நிற்க முடியாமல் எரிந்தது. நிறுத்தினால் இன்னும் எரிந்தது. தோல் வைத்தியர் பார்த்து, அது ஸ்டீராய்டு மருந்து கலந்த களிம்பு என்றார். அத்தகைய களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-ல் இந்திய சர்க்கார் உத்தரவே போட்டிருக்கிறது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, டப்பி கடையில் இருக்கிறது. அவள் முகம் தேற ஒரு வருஷத்திற்கு மேலாயிற்று. அந்த டப்பியை விற்றவன் ஒரு குற்றவாளி. பலகாரம் தின்று போனவர்கள் இன்னொரு குற்றவாளி. "பரவாயில்லையே" என்று சொன்ன நாம் மூன்றாவது குற்றவாளி.

இதைவிடக் கொடியது பாதரசம். அது தோலில் நிறச்சத்து உண்டாவதைத் தடுக்கிறது. ஆகவே சீக்கிரம் வெளுக்கும். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை, இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. கேரளத்தில் மலப்புரம் ஜில்லா கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகளை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் குறிப்பிட்ட ஓர் அடையாளம் காணப்பட்ட 15 பேரில் 13 பேர் நிறக் களிம்பு பூசினவர்கள். மூத்திரத்தில் புரதம் ஒழுகிக் கால் வீங்கி வந்தவர்கள் அவர்கள்.

பாதரசம் என்றால் என்னவென்று இந்த மலைக்காரர்களுக்கு வெளியூரான் சொல்ல வேண்டியதில்லை. கோடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. 2001-ல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊரார் கண்டுபிடித்தார்கள், ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் 15 வருஷம் போராடி, 2016-ல் 591 பேருக்குக் கம்பெனி உடன்படிக்கை செய்து பணம் கொடுத்தது. அதே கம்பெனிதான் 1975-ல் 'ஃபேர் அண்டு லவ்லி' களிம்பைக் கொண்டுவந்து, 2020-ல் உலகமெங்கும் நிறபேதத்தைக் கண்டித்துக் குரல் எழும்பியபோது அதன் பெயரை மாத்திரம் மாற்றிற்று. அந்தக் களிம்பில் பாதரசம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை; அப்படிச் சொல்லுவது பொய்யாகும். நாம் சொல்லுவது வேறு. பாதரசம் காற்றில் வந்தபோது எதிர்த்துக் கொடி பிடித்த இதே மலையில், அது டப்பியில் வந்தால் கல்யாணச் சீரோடு வைத்துக் கொடுக்கிறோமே, இது நியாயமா?

கொரியாப் பெண்கள் எல்லோரும் புட்டியோடு திருப்தியாயிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். அங்கே வேலைக்கு விண்ணப்பம் போட்டால் போட்டோ ஒட்டிக் கொடுப்பது வெகுகால வழக்கம். சர்க்கார் ஸ்தாபனங்களிலாவது முகம் பாராமல் ஆள் எடுக்க வேண்டுமென்று 2017-ல் ஏற்பாடு செய்தார்கள். 2018-ல் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள், "எங்கள் முகம் பிறர் பார்க்கும் பொம்மையல்ல" என்ற எண்ணத்தோடு, சாயங்களையும் களிம்புகளையும் உடைத்தெறிந்து, கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். கொரியாவிலிருந்து களிம்பை இறக்குமதி செய்யும் நாம், அந்தத் துணிச்சலை ஏன் இறக்குமதி செய்யவில்லை? அதற்குத் தீர்வையும் இல்லையே!

நம் ஊர் வேடிக்கையைப் பாருங்கள். கிருஷ்ணன் கறுப்பு, இராமன் மேகவண்ணன், காளி கன்னங்கறுப்பு. சாமிக்குக் கறுப்பு ஆகும், மருமகளுக்கு ஆகாது. மாப்பிள்ளை அடுப்புக்கரி நிறமாயிருந்தால் "ஆம்பிளைக்கு என்ன" என்பார்கள். பெண் என்றால் மாத்திரம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

ஆகவே தோழர்களே, நாம் யாரையும் பூசாதே என்று தடுக்க வரவில்லை. பூச ஆசையிருந்தால் புட்டியைத் திருப்பிப் படியுங்கள். இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், பதிவு எண் இருக்கிறதா? சேர்ந்த சரக்குகள் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் தொடாதீர்கள். முதலில் முழங்கைக்குள் சிறிது தடவிச் சில நாள் பாருங்கள். பத்து நாளில் வெளுக்கும் என்று சொல்லும் எதையும் நம்பாதீர்கள். காசு கொஞ்சந்தான் இருந்தால் சோப்பும் தேங்காயெண்ணெயும் தலைக்குத் தொப்பியும் போதும்.

ஆனால் இதெல்லாம் பாதி வேலைதான். மீதி வேலை ஆண்பிள்ளைகளாகிய நம்முடையது. இங்கே கல்யாணமாகாத வாலிபர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெண்ணின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டோம், நம் வீட்டாரையும் கேட்க விடமாட்டோம் என்று எத்தனை பேர் சொல்லத் தயார்? இப்பொழுது கை தூக்க வேண்டாம். கூட்டத்தில் கை தூக்குவது சுலபம். பெண் பார்க்கப் போன வீட்டில், உங்கள் தாயார் வாயெடுக்கும்போது தூக்குங்கள்.

நமது தங்கை மகள் இப்போது எந்தக் களிம்பும் பூசுவதில்லை. போன மாதம் மூன்றாவது இடத்திலிருந்து வந்தவர்கள் நிறத்தைப் பற்றி ஆரம்பித்தபோது, அவளே எழுந்து பலகாரத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தத் தடவை நாம், "பரவாயில்லையே" என்று சத்தமாகச் சொன்னோம்.