கொடையும் கணக்கும்

(கல்முனைச் சேவைக் கழகமொன்றின் புதிய உத்தியோகத்தர் பதவியேற்ற கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)





பதவியேற்பு வைபவங்களிலே புகழ்மொழி கூறுவது வழக்கம். புகழ்வதற்குரிய பணிகள் பல இக்கழகத்தினால் ஆற்றப்பட்டிருக்கின்றன என்பதை நான் மறுப்பவனல்லன். எனினும் மாலையின் மணம் மாலை வரையிலுமே நிற்கும். பொறுப்போ ஆண்டு முழுவதும் நிற்கும். ஆகவே இவ்வேளையில் மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். இக்கழகம் யாருடையது? இது திரட்டும் பணம் எதற்குரியது? அப்பணத்திற்கு யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும்?

சேவைக் கழகங்கள் தோன்றிய வரலாற்றை முதலிற் சிறிது நோக்குவோம். 1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் சிக்காகோ நகரிலே போல் ஹரிஸ் என்னும் வழக்கறிஞர் தம் நண்பர் மூவருடன் கூடினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி. ஒருவர் சுரங்கப் பொறியியலாளர். மற்றவர் தையற்றொழில் நடத்தியவர். ஒருவர் பணியிடத்தில் ஒருமுறை, அடுத்தவர் பணியிடத்தில் மறுமுறை என்று கூட்டம் சுழன்று வந்தமையாலேயே அதற்கு றோட்டரி என்னும் பெயர் வாய்த்தது. தொடக்கத்திலே தோழமையும் ஒருவர் தொழிலுக்கு ஒருவர் துணை நிற்பதுமே அவர்களுடைய நோக்கமாயிருந்தன. ஆனால் தம் நலம் மட்டும் பேசும் கூட்டம் நெடுநாள் நில்லாது என்பதை விரைவில் உணர்ந்தார்கள். 1907ஆம் ஆண்டில் அந்நகர மக்களுக்குப் பொது மலசலகூடம் அமைக்கும் முயற்சியில் இறங்கினார்கள். சேவையின் முதற்படி அதுவே. பளிங்கு மண்டபம் கட்டுவதைவிட மலசலகூடம் கட்டுவது பெரிதென்று கண்ட அந்தப் பார்வையை நாம் மறத்தலாகாது.

1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் லயன்ஸ் இயக்கம் எழுந்தது. 1925ஆம் ஆண்டில், கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் அவ்வியக்கத்தின் மாநாட்டிலே தோன்றிப் பார்வையற்றோருக்காகக் குரல் கொடுத்தார். அன்று தொட்டுக் கண்ணொளிப் பணி அவர்களுடைய தனிப்பணியாயிற்று. றோட்டரி இயக்கம் 1929இல் கொழும்பிற் கால்கொண்டது. 1985ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதத்தை உலகினின்றும் ஒழிக்க அது உறுதி பூண்டது. நம் நாட்டில் அந்நோயின் கடைசி நோயாளி 1993ஆம் ஆண்டிற் காணப்பட்டார். அரசாங்கத்தின் சுகாதார ஊழியர், உலக ஸ்தாபனங்கள், தொண்டர்கள் ஆகிய அனைவரும் ஒன்றிணைந்த உழைப்பின் பயன் அது. இவ்விரண்டு உதாரணங்களும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஆயிரம் காரியங்களைத் தொட்டுப் பார்த்தவர்களல்லர். ஒரு காரியத்தைத் தேர்ந்து அதனை விடாது பற்றி நின்றவர்களே உலகை ஓரங்குலமேனும் நகர்த்தினார்கள்.

“இது மேனாட்டார் கற்பித்த நாகரிகம்; நமக்கு எதற்கு?” என்று கேட்பவர்களும் இந்நகரில் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கொடுக்கும் குணத்தை நாம் எவரிடத்தும் கடன் வாங்கவில்லை. ஸக்காத் நமக்குக் கடமை. ஸதகா நமக்கு அணிகலன். வக்பு நம் முன்னோர் விட்டுச் சென்ற சொத்து. ஜனாஸா நலன்புரிச் சங்கம் இல்லாத ஊர் இக்கரையில் அரிது. கோயில்களிலே அன்னதானமும் நம் தமிழ்ச் சகோதரரின் வீடுகளிலே பிடியரிசியும் நெடுங்காலமாக வழங்கி வருபவை. ஆனால், கொடை நம்முடையதாயினும் அக்கொடையை ஒழுங்குபடுத்தும் முறையில் நாம் கற்க வேண்டுவன உள. கூட்டக் குறிப்பு எழுதுதல், ஆண்டுதோறும் தலைமை மாறுதல், கணக்கைப் பிறர் பரிசோதிக்க இடங்கொடுத்தல் என்பன மார்க்கத்திற்கு மாறானவையல்ல. ஸக்காத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் அதனை வசூலித்து நிர்வகிப்போரும் ஒரு வகையினர் அல்லவா? நிர்வாகம் என்பது தர்மத்தின் ஓர் அங்கமென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, வெளிநாட்டு உதாரணங்களை விட்டு இதே மண்ணில் நடந்ததொன்றைக் கூறுகின்றேன். 1942ஆம் ஆண்டு. உலக யுத்தம் நம் கடலுக்கே வந்துவிட்ட காலம். ஏப்ரல் மாதத்திலே ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. பர்மா அரிசி நின்றுபோயிற்று. உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனையிலே அவசரக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டு, அதற்கு உதவி அரசாங்க அதிபராக ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம். நெல்லைப் பெருக்க வந்த அந்த உத்தியோகத்தர், நெல் விளையும் பூமியிலே கல்வி விளையாதிருப்பதைக் கண்டார். தம் கச்சேரி வேலையோடு அவர் நின்றிருக்கலாம்; நின்றாரல்லர். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. வறிய மாணவர் தொடர்ந்து படிக்கப் பொருளுதவி செய்வது அதன் நோக்கம். அந்த அனுபவமே 1945ஆம் ஆண்டிலே இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடு முழுவதற்கும் விரிந்தது.

காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தரோடு அஸீஸ் அவர்கள் நட்புப் பூண்டிருந்தமையும் அறிஞர் அறிந்ததே. ஒருவர் துறவி, ஒருவர் சிவில் உத்தியோகத்தர். ஒருவர் சைவர், ஒருவர் முஸ்லிம். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். இன்று கல்முனையின் நிருவாக எல்லை குறித்து எழும் வழக்குகளையும் ஊர்வலங்களையும் பார்க்கும்போது, அவ்விருவரும் ஒரே நாற்காலி வரிசையில் இருந்த காலம் வேறொரு நாட்டின் வரலாறு போலத் தோன்றுகிறது. எல்லை வழக்கைத் தீர்ப்பது ஆட்சியாளர் கடமை. ஆனால் அவ்வழக்கு தீரும்வரை ஒரு மேசையில் அமரமாட்டோம் என்பது நம் பிடிவாதம். அதனைத் தீர்க்க எந்தப் பாராளுமன்றமும் தேவையில்லை.

முதற் கேள்விக்கு வருகின்றேன். இக்கழகம் யாருடையது? றோட்டரியின் பழைய விதி, ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒரு பிரதிநிதி என்பது. அவ்விதியைக் கல்முனைக்குப் பொருத்திப் பாருங்கள். வைத்தியரும் சட்டத்தரணியும் ஒப்பந்தகாரரும் வங்கி முகாமையாளரும் இங்கே இருக்கின்றனர், மகிழ்ச்சி. மருதமுனைத் தறியில் இருப்பவர் எங்கே? கரைவலை இழுப்பவர் எங்கே? சம்மாந்துறை வட்டையிலே வேளாண்மை செய்பவர் எங்கே? வறுமையைப் பற்றித் தீர்மானிக்கும் கூட்டத்திலே வறுமையை அறிந்தவர் ஒருவரேனும் இல்லாவிடில், தீர்மானம் அழகாக இருக்கும். பயன் குறைவாக இருக்கும். அங்கத்துவப் பணமும் இராப்போசனச் செலவும் அவர்களைத் தடுக்குமாயின், போசனத்தைத் தேநீராகச் சுருக்குங்கள்.

தாய்மார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவிலே பெண்களைச் சேர்த்த ஒரு றோட்டரிக் கழகம் 1978இல் விலக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை வழக்குச் சென்ற பின்னரே பெண்களுக்குக் கதவு திறந்தது. நமக்கு அந்த வழக்கு வேண்டியதில்லை. இக்கரையிலே வீடு பெண்ணுக்கே உரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகவே தகப்பன் ஆயுள் முழுதும் உழைக்கின்றான். வீட்டுக்குச் சொந்தக்காரிக்குக் கூட்டத்தில் மட்டும் ஆசனம் இல்லை என்பது எந்த நியாயம்? எந்த வீட்டிலே அடுப்பு எரியவில்லை என்பதை நம் பெண்கள் அறிவதுபோல நாம் அறியோம்.

இரண்டாவது கேள்வி, பணம் எதற்குரியது என்பது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாளை நினைவூட்ட வேண்டியதில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பதினாயிரத்திற்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அதன் பின் உலகெங்குமிருந்து உதவி குவிந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே சவூதி அரேபியாவின் கொடையாக ஐந்நூறு வீடுகள் எழுந்தன. யாருக்கு எத்தனை என்னும் பிணக்கினால் அவ்வீடுகள் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தன. கூரையின்மேல் மரமும் செடியும் படர்ந்தன. கொடுக்க மனமிருந்தும், கட்டப் பணமிருந்தும், பகிர்ந்தளிக்கும் முறை இல்லையேல் கொடை என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பூட்டிய கதவுகளே சாட்சி.

நாம் நிதி திரட்டும் முறையைச் சிந்தியுங்கள். இன்னிசை மாலை, அதிர்ஷ்டச் சீட்டு, விளம்பரங்கள் நிறைந்த மலர். சீட்டிழுப்பு மார்க்கத்திற்கு உகந்ததா என்று நம்மில் ஐயுறுவோர் பலர். அவர்களிடம் ஐயத்திற்கிடமான வழியிற் பணம் கேட்பது முறையன்று. மேடைக்கும் பந்தலுக்கும் பிரமுகர் மாலைக்கும் எவ்வளவு செல்கிறது, ஏழைக்கு எவ்வளவு எஞ்சுகிறது என்பதைக் கூட்டிப் பாருங்கள். பின்பு ஒரு பிள்ளையை மேடையேற்றி, புத்தகப்பையின் ஒரு பிடியை அவனிடமும் மறுபிடியைப் பத்துப் பேரிடமும் கொடுத்துப் படம் பிடிக்கின்றோம். பை ஓராண்டிற் கிழிந்துவிடும். படமோ அப்பிள்ளையின் வாழ்நாள் முழுதும் கிழியாது. மறைவாகக் கொடுப்பதே மேன்மையென்று கற்றவர்கள் நாம். வாங்குபவனின் மானத்தை விலையாகக் கேட்கும் கொடை, கொடையன்று, வியாபாரம்.

1945ஆம் ஆண்டில் இந்நாட்டிற் கட்டணமில்லாக் கல்வி வந்தது. ஆயினும் பஸ் கட்டணமும் விடுதிச் செலவும் தனி வகுப்புப் பணமும் ஏழையின் கதவைத் தட்டிக்கொண்டேயிருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அச்சுமை பன்மடங்காயிற்று. ஆதலால் இவ்வாண்டின் திரட்டு முழுவதையும் சில்லறை அன்பளிப்புகளிற் சிதறாது, நிலையான கல்வி நிதியொன்றிற்கு ஆக்குங்கள். ஸாஹிறாவிற் படிப்பவரோ, உவெஸ்லியிற் படிப்பவரோ, மஹ்மூத் மகளிர் கல்லூரியோ, கார்மேல் பற்றிமாவோ, தேவையே அளவுகோலாகட்டும். ஸக்காத் பணம் தருபவர் அதனைத் தனியே குறித்துத் தரட்டும். அதற்குரிய விதிப்படி அது வேறாகவே செலவிடப்படட்டும். ஏனைய நிதியிலிருந்து வழங்குவதை வட்டியில்லாக் கடனாக வழங்குவோமாயின், இன்று பெறுபவர் நாளை உழைத்துத் திருப்பித் தருவார். அது மற்றொருவருக்குப் பயன்படும். அவர் தலை குனிய வேண்டியதுமில்லை.

“உடனடிப் பசிக்கு என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெள்ளம் வந்தால் உலருணவு கொடுக்கத்தான் வேண்டும். அதற்கென ஒரு பகுதியை ஒதுக்குங்கள். ஆனால் வைத்தியசாலையில் மருந்தில்லை, பாடசாலையில் ஆசிரியர் இல்லை என்றால், அது அரசாங்கத்தின் கடமை. வரி செலுத்தும் மக்கள் உரிமையாகக் கேட்க வேண்டியதை நாம் தர்மமாகக் கொடுத்து, ஆள்வோரின் பொறுப்பை மறைத்துவிடலாகாது. ஒரு கட்டில் வாங்கிக் கொடுக்கும் நாளிலேயே, ஏன் கட்டில் இல்லை என்று கேட்கும் கடிதமும் கழகத்திலிருந்து போகட்டும். தேர்தல் காலத்தில் மாத்திரம் தலைமை தாங்க வருவோருக்கு மேடை கொடாதிருப்பதும் ஒரு சேவையே.

மூன்றாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. கணக்கு, கொடுத்தவருக்கும் உரியது, பெறுபவருக்கும் உரியது. ஒவ்வொரு திரட்டும் முடிந்து முப்பது நாட்களுக்குள் வரவும் செலவும் எழுதி, நூலகத்திலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில் வாயிலிலும் ஒட்டுங்கள். பெற்றவரின் பெயர் வேண்டாம். தொகை மட்டும் போதும். கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ணாதீர்கள். கணக்குக் கேட்கப்படாத தனாதிகாரி எவ்வளவு நல்லவராயினும் ஊர் வாய்க்குத் தப்பமாட்டார். காட்டப்பட்ட கணக்கே அவருக்குக் கவசம்.

புதிய உத்தியோகத்தர்களே! உங்கள் பதவிக்கு ஆயுள் ஓராண்டே. ஓராண்டில் ஊரை மாற்றிவிட முடியாது. ஆனால் 1942இல் வந்த ஓர் உத்தியோகத்தர் சிறிது காலமே இங்கிருந்தார். அவர் இட்ட வித்து நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு இதே நாளில் நீங்கள் பதவியிறங்கும்போது, எத்தனை படங்கள் வெளிவந்தன என்று எவரும் உங்களைக் கேளாதிருக்கட்டும். எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்தாது தொடர்கின்றனர் என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு விடையை இன்றே எழுதத் தொடங்குங்கள்.