கரும்பலகை ஒரு தட்டை உலகம்

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாணவி, "குவார்க்கைத் தனியாகப் பிரிக்க முடியாதா சார்?" என்றாள். "முடியாதும்மா" என்று நகர்ந்துவிட்டேன். அது பதிலல்ல, இரவெல்லாம் உறுத்தியது.

மறுநாள் பலகையில் ஒரு மின்னூட்டமும் விசைக்கோடுகளும் வரைந்தேன். நம் உலகில் தொலைவு இரட்டித்தால் விசை கால் பங்காகும். பலகையோ தட்டை, கோடுகள் கோளமாக அல்ல, வட்டமாகவே பரவும். அங்கே விசை பாதியாகத்தான் குறையும். எதிரெதிர் மின்னூட்டங்களை முற்றிலும் பிரிக்க எவ்வளவு ஆற்றலும் போதாது. தட்டை உலகுக்கான ஒருவகைப் புலக் கோட்பாட்டில், பெருந்தொலைவிலும் விசை குறைவதே இல்லை என்று 1977இல் பாலியகோவ் காட்டினார். குவார்க்குகளைக் கட்டியிருப்பதும் அப்படியொரு கயிறுதான்.

"இழுத்துக்கொண்டே போனால்?"

இழுத்த ஆற்றலில் புதிய குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிறந்து, இரு முனைகளையும் மறைத்துவிடும். கயிறு அறும்.

"அறுந்தாலும் ரெண்டு ஜோடிதானா சார்?" என்றாள்.