கருணையாகக் கிடைத்த பென்ஷன்

(சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பெண்களைப் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் படித்தது பௌதிகம். உத்தியோக காலம் போனது பென்ஷன் ஃபைல்களோடு. இரண்டுக்கும் பொருத்தமாக ஒரு விஷயம் அகப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதிப் பிழைத்த ஸ்திரீகளுக்கு அந்த நாட்டு அரசாங்கம் கொடுத்த பென்ஷன்.

1837ல் விக்டோரியா பட்டத்துக்கு வந்தார். அந்த வருஷமே சிவில் லிஸ்ட் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்பு ராஜாவின் பென்ஷன் பட்டியலில் வேண்டியவர்கள் எல்லாம் இருக்கிறார்கள் என்று பார்லிமெண்டில் ஓயாத புகார். ஆகவே புதுச் சட்டம் ஒரு வரம்பு கட்டியது. ஒரு வருஷத்தில் புதிதாகக் கொடுக்கும் பென்ஷன்களின் மொத்தம் 1,200 பவுண்டைத் தாண்டக்கூடாது. அரச குடும்பத்துக்கு ஊழியம் செய்தவர்கள், பொதுக் காரியம் செய்தவர்கள், விஞ்ஞானிகள், எழுத்தாளர்கள், கலைஞர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. இத்தனை வருஷம் எழுதினால் இவ்வளவு என்று விதி கிடையாது. பெரிய மனிதர் யாராவது பிரதமர் காதில் போட வேண்டும். அவர் மனம் வைக்க வேண்டும்.

மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்ட் என்பவர் கதையைக் கேளுங்கள். பத்தாவது பிறந்த நாளன்று அப்பா அவருக்கு ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். 2224 தான் வேண்டும் என்று குழந்தை அடம் பிடித்ததாம். கூட்டினால் பத்து, தன் வயது! விழுந்த பரிசு 20,000 பவுண்டு. அது 1797ஆம் வருஷம். அப்பா வைத்தியத்துக்குப் படித்தவர். ஆனால் நாடி பிடித்ததைவிடச் சீட்டுப் பிடித்ததுதான் அதிகம். பெரிய வீடு கட்டினார், சூதாடினார். 1820ல் வீடு போய், ரெடிங் நகருக்குப் பக்கத்தில் த்ரீ மைல் கிராஸ் என்ற கிராமத்தில் ஒரு சின்னக் குடிசை வீட்டுக்குக் குடும்பம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அப்பா அம்மாவுக்குச் சோறு போட்டது பெண்ணின் பேனா. அந்தக் கிராமத்து மனிதர்களைப் பற்றி அவர் எழுதிய சித்திரங்கள் 'அவர் வில்லேஜ்' என்று 1824லிருந்து 1832க்குள் ஐந்து பாகங்கள் வந்தன. லண்டனில் நாடகங்களும் மேடையேறின. வந்த பணமெல்லாம் அப்பா கைவழியே போயிற்று. (நம் குடும்பங்களில் இப்படி ஒரு அப்பா இருந்ததே இல்லை என்று யாராவது கை தூக்குங்கள் பார்க்கலாம்.)

1837ல் அவருக்கு வருஷத்துக்கு 100 பவுண்டு பென்ஷன் கிடைத்தது. அந்த வருஷ வரம்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சின்ன விஷயமில்லை. ஆனால் 1842ல் அப்பா காலமானபோது விட்டுப்போன கடன் கிட்டத்தட்ட 1,000 பவுண்டு. பத்து வருஷ பென்ஷன்! வாசகர்களும் நண்பர்களும் நிதி திரட்டி அதை அடைத்தார்கள்.

அந்த நாட்டில் 1870 வரையில் கல்யாணமான பெண் சம்பாதித்த பணம் சட்டப்படி கணவனுடையது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தவர் மேரி ஸோமர்வில். அல்ஜீப்ராவும் யூக்ளிடும் வீட்டாருக்குத் தெரியாமல் தானே கற்றுக்கொண்டவர். லாப்லாஸின் வான இயக்கவியலை 1831ல் இங்கிலீஷில் விளக்கி எழுதினார். 1835ல் ராபர்ட் பீல் அவருக்கு 200 பவுண்டு பென்ஷன் அளித்தார். அதே வருஷம் ஃபாரடேக்குக் கிடைத்தது 300. அதோடு விட்டதா? நம்பிக்கையாகப் பணத்தை ஒப்படைத்திருந்தவர்களே ஏமாற்றிவிட, குடும்பத்தின் முதல் போய்விட்டது. 1837ல் பென்ஷனை 300 ஆக உயர்த்தினார்கள். அடுத்த வருஷம் கணவரின் உடம்புக்காக இத்தாலிக்குப் போனார்கள். 1869ல், 88 வயதில், இன்னொரு விஞ்ஞானப் புத்தகம் வெளியிட்டார். 1872ல் நேப்பிள்ஸில் காலமானார். முப்பத்தேழு வருஷம் பென்ஷன் வாங்கியிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் 10,000 பவுண்டைத் தாண்டும். நம் ஆடிட்காரர்கள் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்கள்.

மார்கரெட் ஒலிஃபண்ட் கதை மனதை வருத்துவது. 1859ல் கணவர் ரோமில் இறந்தபோது கையில் இரண்டு குழந்தைகள், வயிற்றில் ஒன்று, தலைக்கு மேல் சுமார் 1,000 பவுண்டு கடன். பிறகு நொடித்துப்போன அண்ணன் குடும்பமும் இவர் தலையில். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். 1868ல் வந்த பென்ஷன் 100 பவுண்டு. பையன்களை ஈட்டன் பள்ளியில் படிக்க வைத்தார். மூன்று பிள்ளைகளும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். அவர் 1897ல் கண் மூடும் வரை எழுதிக்கொண்டேயிருந்தார்.

ஒப்பிட்டுப் பாருங்கள். டென்னிசனுக்கு 1845ல் 200 பவுண்டு. அப்போது அவர் பிரம்மசாரி. பின்னால் ஆஸ்தான கவியாகி, செல்வந்தராகி, பிரபுப் பட்டமும் பெற்றார், பென்ஷனை விடவில்லை. தைனா கிரேக் என்ற நாவலாசிரியைக்கு 1864ல் கிடைத்தது 60 பவுண்டு. தன்னைவிடக் கஷ்டப்படும் எழுத்தாளர்களுக்கென்று அதை ஒதுக்கி வைத்தார்! லேடி மார்கனுக்கு 1837ல் 300 கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நியாயமாகாது. ஆனால் அவருக்கு ஏன் 300, மற்றவருக்கு ஏன் 60 என்று கேட்டால் பதில் சொல்ல எந்த விதியும் இல்லை. கருணை என்றாலே அப்படித்தான். தகுதியையும் காட்ட வேண்டும், வறுமையையும் காட்ட வேண்டும்.

நம் நாட்டில் 1982 டிசம்பர் 17ஆம் தேதி நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பென்ஷன் என்பது எஜமானன் விருப்பப்படி தரும் தானமல்ல, உழைத்தவனின் உரிமை என்றது. மத்திய அரசில் குடும்ப பென்ஷன் திட்டம் வந்தது 1964ல். இங்கே இருக்கும் மாமிகளில் பலர் அந்தத் திட்டத்துக்கு உரியவர்கள். யாருடைய சிபாரிசும் வேண்டாம். வேண்டியது காகிதம். நான் சர்வீஸில் இருந்தபோது, கணவர் போய் ஆறு மாசம் கழித்து, எந்த பாங்க், என்ன நம்பர் என்று தெரியாமல் வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள், கல்லூரியில் பாடம் சொன்னவர்கள்கூட. பி.பி.ஓ.வில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா, பாங்க் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே மாமாவும் மாமியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். பி.பி.ஓ. பிரதி கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் காட்டலாம். பின் வரிசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.