உடன்பிறந்தோர் வழக்கும் சமாதானத்தின் வழியும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



தந்தையின் ஜனாஸாவைத் தோளோடு தோள் சேர்த்துச் சுமந்த சகோதரர்கள், கப்ரின் ஈரம் உலருமுன்னே அவர் விட்டுச்சென்ற வீட்டிற்காக வக்கீலைத் தேடிச் செல்வதைக் காண்கிறோம். வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகள் கழிகின்றன. தீர்ப்பு வரும்போது சொத்தில் ஒரு பகுதி செலவில் கரைந்திருக்கும். உறவோ முற்றிலும் அறுந்திருக்கும்.

இத்தகைய வழக்கு ஒன்று நபி (ஸல்) அவர்களிடமே வந்தது. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. பழைய வாரிசுச் சொத்துக்காக இருவர் வாதிட்டனர். இருவரிடமும் சாட்சி இல்லை. தாமும் ஒரு மனிதரே என்றும், ஒருவரின் வாதத்தைக் கேட்டு மற்றவரின் உரிமையை அவருக்குத் தீர்ப்பளித்துவிட்டால் அது நெருப்பின் துண்டே என்றும் நபியவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுதனர். ஒவ்வொருவரும் தம் உரிமையை மற்றவருக்கே விட்டுத்தர முன்வந்தனர்.

அக்கண்ணீரோடு நபியவர்கள் அவர்களை அனுப்பிவிடவில்லை. நேர்மையாகப் பங்கிட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்து, பின்னர் ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக் கொள்ளுமாறு பணித்தார்கள். உள்ளம் இளகுவது சமாதானத்தின் தொடக்கம். பங்கு தெளிவாவதே அதன் நிறைவு.

சகோதரர்களே! நம் இல்லங்களில் நடப்பதென்ன? "கல்யாணத்தில்தான் எல்லாம் செய்துவிட்டோமே" என்று கூறிச் சகோதரியிடம் கையெழுத்து வாங்குகிறோம். அது சமாதானமன்று, அபகரிப்பு. அவளது பங்கை அந்நிஸா அத்தியாயத்தில் நிர்ணயித்தவன் அல்லாஹ். ஹராமை ஹலாலாக்கும் சமாதானம் செல்லாது என்பது திர்மிதீயில் வரும் நபிமொழி. உரிய பங்கு இன்னதென்று அறிந்து, அச்சமின்றி, மனமுவந்து விட்டுக்கொடுப்பதே விட்டுக்கொடுத்தல். உரிமை மறுக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடினால் அவரைப் பழிப்பது முறையன்று.

கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை நியமிக்க அந்நிஸா 35ஆம் வசனம் வழிகாட்டுகிறது. சொத்துத் தகராறிலும் இரு தரப்பாரும் நம்பும் பெரியோரை அமர்த்துங்கள். ஆலிமிடம் பங்கைக் கணக்கிடுங்கள். முடிவைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். ஏனெனில் ஃபத்வாவுக்குச் சட்ட வலு இல்லை என உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியுள்ளது; ஜமாஅத்தின் சொல்லும் இரு தரப்பார் சம்மதத்தால்தான் நிற்கும்.

வழக்குத் தொடுத்துவிட்டவர்களுக்கும் வழியுண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி நடைபெறும் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் கண்டால், செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதன் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது, மேல்முறையீடு இல்லை. வழக்குத் தொடுக்குமுன்னரும் அங்குச் செல்லலாம்.

இன்று தொழுகை முடிந்ததும், பேச்சு நின்றுபோன உடன்பிறந்தாரின் வீட்டு வாசலுக்குச் செல்லுங்கள். முதலில் ஸலாம் கூறுபவர் நீங்களாக இருங்கள்.

பிறர் உரிமையை உண்ணாத வாழ்வையும், பிளவுபட்ட உள்ளங்களின் இணைப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.