முகக்கவசமும் கூலியும்



2020 பிப்ரவரித் தொடக்கத்தில் வூஹானிலிருந்து இரு விமானங்களில் 647 இந்தியர்கள் தில்லி வந்திறங்கினர். துவாரகாவை அடுத்த சாவ்லாவில், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை முகாமில், மாலத்தீவினர் சிலர் உட்பட 406 பேர் தனிமைப்படுத்தப்பட்டனர். நாள் முழுதும் முகக்கவசம்; வீட்டார் முகம் காண இயலாத இரண்டு வாரங்கள். சலிப்பூட்டும் ஏற்பாடுதான். ஆயினும் பொறுத்துக்கொண்டனர். கட்டில், உணவு, மருத்துவம் மூன்றையும் அரசே அளித்தது.

மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலேயே நாட்டை மூடியதும் இதே அரசுதான். துவாரகாவின் அடுக்ககங்களைக் கட்டியவர்களுக்கும் கூட்டிப் பெருக்கியவர்களுக்கும் கூலி நின்றது. ஓர் அறையில் ஐவர் படுக்கும் இடத்தில் ஆறடி இடைவெளிக்கு எங்கே போவது? மார்ச் 28 அன்று ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் திரண்டவர்களைப் பொறுப்பற்ற கூட்டம் என்று ஏசியோரும் உண்டு. அவர்கள் நோய்க்கு அஞ்சாதவர்கள் அல்லர்; பட்டினிக்கும் அஞ்சியவர்கள்.

ஆஷா ஊழியர்களைப் பாருங்கள். அவர்கள் தெருத்தெருவாக நோயாளிகளைத் தேடிச் சென்றவர்கள். வியர்வையில் ஊறவைக்கும், தண்ணீர் குடிக்கவும் விடாத பாதுகாப்பு உடையை அவர்கள் மறுக்கவில்லை. ஆகஸ்ட் 7, 8 வேலைநிறுத்தத்தில் அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்றே, அந்த உடை தங்களுக்கும் வேண்டும் என்பதுதான்.