வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் எந்தக் கணக்கில் வருகிறார்?
(முகப்பேரில் நடைபெற்ற விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முகப்பேரிலும் பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வெல்டிங், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகும் யோசனையும் சிலருக்கு இருக்கும். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "விசா வந்திருச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. அப்புறம் எதுக்குங்க குடிபெயர்வு அனுமதி?"

விசா, நீங்கள் போகும் நாடு தருவது. குடிபெயர்வு அனுமதி, நம் நாடு தருவது. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் இந்த ஏற்பாடு வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பலரின் பாஸ்போர்ட் 'இ.சி.ஆர்.' வகையில் இருக்கும். அவர்கள் சவுதி அரேபியா, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், வெளியுறவு அமைச்சகத்தின் கீழுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பாளரின் அனுமதி வேண்டும். சென்னையிலேயே அந்த அலுவலகம் இருக்கு. விண்ணப்பம் இ-மைகிரேட் இணையதளம் வழியாகத்தான். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, ஏஜென்ட் யார் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். விமான நிலையத்தில் உள்துறை அமைச்சகத்தின் குடியேற்றப் பிரிவு அதிகாரி அந்த அனுமதியைச் சரிபார்ப்பார்.

இனி கணக்குக்கு வருவோம். வெளிநாடு போகிறவர்களை மூன்று விதமாக எண்ணுகிறார்கள்.

முதலாவது, குடிபெயர்வு அனுமதிக் கணக்கு. இதில் அனுமதி வாங்கியவர்கள் மட்டுமே வருவார்கள். சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை. அங்கே போகிறவர் இதில் வரமாட்டார்.

இரண்டாவது, விமான நிலையக் கணக்கு. இது ஆட்களை அல்ல, பயணங்களை எண்ணுவது. ஒருவரே வருஷத்தில் மூன்று தடவை போய் வந்தால் மூன்று புறப்பாடு. சுற்றுலாப் பயணியும் மாணவரும் தொழிலாளியும் எல்லாரும் இதில் அடக்கம்.

மூன்றாவது, வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வு. 2015-இல் நடந்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாடுகளில் வாழ்வதாக மதிப்பிட்டது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு. அனுமதிக் கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

"கணக்கில் வந்தா என்ன, வராட்டி என்ன?" என்று நினைக்காதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடுகிறவர், விமான நிலையக் கணக்கில் வெறும் பயணி. அவருடைய முதலாளி பெயரோ சம்பளமோ இங்கே எந்த ஏட்டிலும் இல்லை. நாளைக்குச் சம்பளம் வரவில்லை என்றால், தூதரகம் எதை வைத்துக் கேட்கும்? 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். அவர்களை மீட்டுக் கொண்டுவர மத்திய, மாநில அரசுகள் தலையிட வேண்டியிருந்தது.

முறையாக அனுமதி வாங்கிப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு அடிப்படைப் பிரீமியம் 275 ரூபாய்தான். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். ஏஜென்டின் பதிவு எண்ணை இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகம் கேட்டால் கொடுக்காதீர்கள்; கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சந்தேகம் இருந்தால் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையை அணுகலாம்.

புறப்படும் முன்பே உங்கள் பெயர் சரியான ஏட்டில் ஏறட்டும்.